தேத்தண்ணி வைக்காத நாள்

பெரட்டுக் களத்தில் ஒரு ஆள் "வேணாம்" என்று சொல்லி நான் கேட்டது என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான். சொன்னவள் கொழுந்து பறிக்கிற ஒரு பெண். அவளை அந்த நிலைமைக்குக் கொண்டுவந்தவன் நான். இத்தனை வருஷம் இதை எழுதாமல் இருந்ததற்கு மறதி காரணமில்லை. எழுதினால், தோட்டத்தில் என்னைப் பற்றி இன்னும் நல்லபடியாகப் பேசுகிற சிலரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம்தான். அவர்களில் பலர் இப்போது உயிரோடு இல்லை. பயமும் தேய்ந்துவிட்டது.

பெரட்டு என்றால் என்ன என்று தோட்டத்தில் பிறக்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். விடிவதற்கு முன்னால் தப்பு மேளம் அடிப்பார்கள். லயம் என்கிற வரிசை வீடுகளில் இருக்கிற ஆட்கள் எழுந்து, பாலில்லாத தேநீரான சாயத் தண்ணியைக் குடித்து, கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு களத்தில் வந்து வரிசையாக நிற்பார்கள். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு வேலை பிரிப்பார். இன்னாருக்குக் கொழுந்து, இன்னாருக்குத் தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்து, இன்னாருக்குக் கான் வெட்டு. பெயர் கூப்பிடப்பட்டவர் "சரிங்க" என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். வேறு எந்தச் சொல்லும் அந்த இடத்தில் புழக்கத்தில் இல்லை.

நான் பிறந்தது இலங்கை மலையகத்தில், ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். அறுபதுகளின் நடுவில், எனக்குப் பள்ளிக்கூடப் படிப்பு முடிகிற தறுவாயில், அப்பா ஒரு வாரமாகக் காய்ச்சலில் கிடந்தார். வேலைக்குப் போகாவிட்டால் அரிசி இல்லை என்று எழுந்து பெரட்டுக்குப் போனார். பனி மூடிக் கிடந்த அந்தக் காலையில் நானும் பின்னாலேயே போனேன். உடம்பு முடியவில்லை, இலேசான வேலையாகக் கொடுங்கள் என்று அவர் கேட்பார் என்று நினைத்தேன். கணக்கப்பிள்ளை அவர் பெயரைச் சொல்லி, கான் வெட்டு என்றார். மலைச் சரிவில் மழைத்தண்ணீர் ஓட வாய்க்கால் தோண்டுகிற வேலை, திடகாத்திரமான ஆளுக்கே இடுப்பு ஒடிந்துபோகும். அப்பா "சரிங்க" என்றார்.

மண்வெட்டி எடுக்க லயத்துக்குத் திரும்பும் வழியில், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அதெல்லாம் சொல்ற எடமாடா அது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு இது தெரியாமல் இருக்கிறதே என்ற ஆச்சரியத்தோடு சொன்னார்.

அந்தக் காலையிலிருந்து ஒரு மனிதன் இரண்டு விஷயங்களைக் கற்றுக்கொண்டிருக்கலாம். பெரட்டில் சொல்கிற "சரிங்க"வுக்கு அர்த்தம் கிடையாது என்பது ஒன்று. பெரட்டில் நின்று கேட்டால் எதற்கும் "சரிங்க" கிடைக்கும் என்பது இன்னொன்று. நான் கற்றுக்கொண்டது இரண்டாவதை. அப்போது எனக்கே அது தெரியாது.

பிறகு படித்தேன். பதுளையில் யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவர் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டுப் படிக்க வைத்தார். பல்கலைக்கழகம் போனேன். எழுபதுகளில் தோட்டங்களில் பஞ்சம் வந்து, சனங்கள் ஒரு கிழங்குக்காக மைல் கணக்கில் நடந்த காலத்தில் நான் ஒரு கந்தோரில் நாற்காலியில் உட்கார்ந்து எழுத்து வேலை பார்த்தேன். அந்தக் குற்ற உணர்வில்தான் எண்பதுகளின் தொடக்கத்தில் பதுளைக்கே திரும்பி வந்து, வெளிநாட்டு உதவியில் நடந்த ஒரு சுகாதாரத் திட்டத்தில் கள அலுவலராகச் சேர்ந்தேன். என் சனத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் உண்மையாகவே இருந்தது. அதைப் பொய் என்று சொல்லி இப்போது நல்ல பெயர் வாங்க விரும்பவில்லை.

எங்கள் அலுவலகம் கடைவீதியில், ஒரு முஸ்லிம் முதலாளியின் புடவைக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கக்கூஸ் கட்டுவது, மலையிலிருந்து வழிந்துவிழுகிற பீலித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவருவது, வேலை நேரத்தில் தாய்மார் பிள்ளைக்காம்பராவில் விட்டுப்போகிற குழந்தைகளுக்குப் பால்மா கொடுப்பது, இவை திட்டத்தின் வேலைகள். இவற்றோடு குடும்பக் கட்டுப்பாடும் இருந்தது. மற்றவை எவ்வளவு மெதுவாக நடந்தாலும் மேலிடத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். கடைசியானதை மட்டும் மாதாமாதம் கேட்பார்கள்.

அந்தத் திட்டத்துக்குத்தான் தான்சானியாவின் தெற்கு மலைநாட்டிலிருந்து ஒரு தாதி வந்தார். என் வயதுக்காரர். நல்ல உயரம். குளிர் பழகியவர், ஹப்புத்தளைக் காற்றுக்கு ஒரு மெல்லிய சட்டையோடு நிற்பார். அட்டைக் கடிக்கு மட்டும் உயிர்போகப் பயப்படுவார். முதல் நாள் அவரை என் தோட்டத்துக்கு அழைத்துப் போனபோது பீலியடியில் குடத்தோடு நின்ற பெண்கள் வாயை மூடவில்லை.

"நம்மள விடக் கருப்பா ஒரு தொரசாணி வந்திருக்காங்கடி."

"சும்மா இருடி, காதுல விழப்போவுது."

"விழுந்தா என்னா, வெளங்கவா போவுது?"

அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தாதி கேட்டார். சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் பெண்கள் முதலில் பயந்தார்கள், பிறகு அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். வெள்ளைக்காரத் துரைமார் போய்ப் பல காலம் ஆகியிருந்தாலும் தொரசாணி என்ற சொல் லயத்தில் அப்படியே இருந்தது. அன்று முதல் அவர் கருப்புத் தொரசாணி. பிறகு சில வீடுகளின் வாசலில் நின்று அவரே அப்படிச் சொல்லித்தான் கூப்பிடுவார்.

பதுளையிலிருந்து ஹல்துமுல்லைக்கு ஜீப்பில் போய்வருவதில் பாதி நாள் கழிந்துவிடும். பண்டாரவளை தாண்டிய பிறகு அவர் பேச ஆரம்பிப்பார். பேச்செல்லாம் தன் ஊரைப் பற்றியே. அங்கேயும் மலை, தேயிலை, மூடுபனி. சிறுமியாக இருக்கையில் தலையில் தண்ணீர் சுமந்து மலை ஏறியவர். அவருடைய அம்மாவைத் தேடி அரசாங்க உத்தியோகத்தர்கள் வருவார்களாம். கிணற்றை மூடி வை, மலங்கழிக்கக் குழி வெட்டு, இந்த விதையைப் போடு என்பார்களாம். அம்மா அடுப்பை மூட்டி, சோளம் அவித்துக் கொடுத்து, எல்லாவற்றுக்கும் ஆகட்டும் என்பார். வந்தவரை வெறும் கையோடும் இல்லை என்ற சொல்லோடும் அனுப்பக்கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். ஒரு தடவை கக்கூஸ் குழிக்கு மேலே போட சீமெந்துப் பலகை ஒன்று கொடுத்துவிட்டுப் போனார்கள். அம்மா அதை வாசலில் போட்டுச் சோளம் காயவைத்தார்.

"என் அம்மா வாழ்நாளில் எந்த உத்தியோகத்தருக்கும் மறுப்புச் சொன்னதில்லை. அவர்கள் சொன்ன எதையும் செய்ததுமில்லை" என்று சொல்லி ஜீப் குலுங்கச் சிரித்தார்.

அதிலிருந்து அவர் தனக்கென்று ஒரு வேலை முறையை உண்டாக்கி வைத்திருந்தார். ஒரு வீட்டுக்குப் போவார், கொடுக்கிற தேத்தண்ணியைக் குடிப்பார், ஒன்றும் கேட்கமாட்டார். மறுபடி போவார், மறுபடி குடிப்பார். அவரைக் கண்டதும் வீட்டுக்காரி எழுந்து அடுப்படிக்கு ஓடுகிறவரை அவர் அங்கே விருந்தாளி. விருந்தாளிக்குக் கிடைப்பது விருந்தாளிக்கான பதில். ஒரு நாள் அவள் எழுந்திருக்காமல், பிள்ளைக்குப் பேன் பார்த்துக்கொண்டோ கீரை ஆய்ந்துகொண்டோ, "வாங்க, உக்காருங்க" என்று சொல்லி வேலையைத் தொடர்வாள். அந்த நாளில் கேட்பார். அன்றைக்குக் கிடைக்கிற பதில் எதுவானாலும் அதை எடுத்துக்கொள்வார்.

தமிழில் அவர் என்னிடம் முதலில் கேட்டுப் படித்த சொல் "வேணாம்". ஏன் அது என்று கேட்டேன். அது தெரியாமல் எப்படி வேலை செய்வது என்றார்.

எனக்கு இதெல்லாம் கேட்க நன்றாக இருந்தது. கதையாக. வேலையாகப் பார்த்தால் எரிச்சலாக இருந்தது. மாதக் கணக்கில் லயம் லயமாக ஏறி இறங்கி, ஒரு சிலர்தான் கருத்தடைக்குச் சம்மதித்தார்கள். அந்தச் சிலரும் தாங்களே ஒரு நாள் பார்த்து, புருஷனோடு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அவர்களுக்குப் பிறகு அதைப் பற்றி எந்தக் குறையும் இல்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும். மேலிடத்திலிருந்து வந்த கேள்விதான் என் காதில் விழுந்தது.

தோட்டத்தை நடத்துகிற துரை ஒரு யோசனை சொன்னார். எல்லாரும் தினமும் பெரட்டுக்கு வருகிறார்களே, அங்கே வைத்துக் கேட்டால் ஒரே காலையில் முடிந்துவிடுமே என்றார். அவர் வெளியூர்க்காரர், அவருக்குத் தெரியாது என்று சொல்லலாம். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்? நல்ல யோசனை என்றேன்.

தாதி வரமாட்டேன் என்றார். அங்கே நிற்பவர்கள் வேலைக்கு நிற்கிறார்கள், அவர்களிடம் வேறு எதைக் கேட்பது என்றார். உங்கள் ஊரில் பெரட்டு கிடையாது, அதனால் உங்களுக்கு விளங்காது, என் ஆட்களை எனக்குத் தெரியும் என்றேன். முன்பின் யோசிக்காமல் வந்த பேச்சு. அதை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

இங்கேதான் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் எங்கள் லயத்தில் அடுத்த அறையான காம்பராவில் இருந்தவரின் கடைசி மகள். நான் ஊரைவிட்டுப் படிக்கப் போனபோது பிள்ளைக்காம்பராவில் ஓடித் திரிந்த சிறு பிள்ளை. நான் திரும்பி வந்தபோது கல்யாணமாகி, ஒரு பெண்ணும் ஒரு பையனுமாக அதே லயத்தின் கோடிக் காம்பராவில் இருந்தாள். புருஷன் கவ்வாத்து வெட்டுகிறவன், நல்ல உழைப்பாளி, அம்மா பேச்சைத் தட்டாதவன். என்னைக் கண்டால் தூரத்திலிருந்தே "அண்ணே" என்று கூப்பிடுவாள். நாங்கள் எல்லாம் ஒரே பீலித் தண்ணீர் குடித்தவர்கள் என்று மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்வாள்.

அவளுடைய பையனுக்கு அடிக்கடி வயிற்றோட்டம். கால்கள் குச்சியாக, வயிறு மட்டும் பெரிதாக இருந்தான். நடக்க வேண்டிய வயதில் நடக்கவில்லை. தாதி அந்த வீட்டுக்குப் போகாத வாரமே கிடையாது.

பெரட்டுக்கு முந்தின நாள் மாலை தாதி அலுவலகத்துக்குச் சந்தோஷமாக வந்தார். கோடிக் காம்பராப் பெண் தனக்கு அன்றைக்குத் தேத்தண்ணி வைக்கவில்லையாம். பையனை மடியில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டே பேசினாளாம். அரைகுறைத் தமிழில் கருத்தடை ஆப்பரேசன் பற்றிக் கேட்டதற்கு "வேணாங்க" என்று சொன்னாளாம். பையன் தேறி, நடந்து, ஓடட்டும், அவன் தங்குவான் என்று தெரிந்த பிறகு தானே வருகிறேன் என்றாளாம். எவ்வளவு தெளிவான பதில் பாருங்கள் என்றார் தாதி. அந்த "வேணாங்க"வை அவள் சொன்னது போலவே சொல்லிக் காட்டினார்.

நீங்கள் வெளியாள், அதனால் உங்களிடம் அப்படிச் சொல்கிறாள், எனக்கு அவள் தங்கச்சி மாதிரி, நாளைக்குப் பாருங்கள் என்றேன்.

மறுநாள் பெரட்டில் துரையும் சின்னத் துரையும் நின்றார்கள். பனிக்குள் கம்பளி போட்ட உருவங்கள். நான் நல்ல தமிழில் பேசினேன். அளவான குடும்பம், பிள்ளைகளின் படிப்பு, தாயின் உடல்நலம். பேசியதில் பொய் ஒன்றும் இல்லை. இனி ஒருபோதும் பிள்ளை பிறக்காது என்பதை மட்டும் நான் வாய் திறந்து சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை. பெரட்டில் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பது நம்பி எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்று. பிறகு கணக்கப்பிள்ளை, வேலை பிரிக்கிற அதே குரலில், இரண்டு பிள்ளைகளுக்கு மேல் உள்ள பெண்களின் பெயர்களையும் இரண்டு உள்ளவர்களின் பெயர்களையும் கூப்பிட்டார். ஒவ்வொருத்தியும் "சரிங்க" என்றாள்.

அவள் பெயர் வந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் ஏதோ சொல்வேன் என்று எதிர்பார்த்த பார்வை அது. இந்தப் புள்ளைக்குப் பையன் சுகமில்லை, இவளை விடுங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கணக்கப்பிள்ளை திரும்பவும் பெயரைச் சொன்னார்.

"சரிங்க, சார்" என்றாள் என்னைப் பார்த்தே.

அதுவரை அவள் என்னை சார் என்று கூப்பிட்டதில்லை. அதை நான் அப்போதே கவனித்தேன். எனக்கு அது பிடித்திருந்தது. துரைக்கு முன்னால் எனக்கு மரியாதை கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

ஆப்பரேசனுக்காக ஆஸ்பத்திரிக்குப் போக, தேயிலைப் பெட்டி ஏற்றுகிற லொறியில் அவர்களை ஏற்றினோம். "கொழுந்து மாதிரி ஏத்துறீங்களே, நிறுத்துப் பாக்கலியா கணக்கப்புள்ள?" என்று ஒருத்தி கேட்டாள். லொறியில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கோடிக் காம்பராப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. பையனைப் பற்றி மாமியாரிடம் ஏதோ சொல்லிவிட்டுக் கடைசியாக ஏறினாள். திரும்பி வரும்போது ஒவ்வொருவருக்கும் திட்டத்தின் சார்பில் ஒரு புதுக் கம்பளி கொடுத்தோம்.

நான் அலுவலக மாடிப்படி ஏறிப் போய், என்னிடம் சரி என்று சொல்லிவிட்டாள் என்று தாதியிடம் சொன்னேன். அவர் அடுப்பில் கேத்தலை வைத்திருந்தார். "எங்கே வைத்துக் கேட்டீர்கள்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

அந்த வருஷம் ஐப்பசி மழை நிற்காமல் பெய்தது. பீலித் தண்ணீர் செம்மண்ணாக வந்தது. லயத்துப் பிள்ளைகள் பலருக்கு வயிற்றோட்டம் கண்டு, மற்றவர்கள் தேறினார்கள். அவளுடைய பையன் தேறவில்லை. தாதி அவனோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் அடக்கத்துக்குப் போனபோது அவனைச் சுற்றியிருந்தது நாங்கள் கொடுத்த கம்பளி. வீட்டில் இருந்த ஒரே புதுத் துணி அதுதான்.

எல்லாரும் கலைந்த பிறகு அவள் என்னிடம் வந்தாள். கண்ணீர் காய்ந்துபோன முகம். மறுபடி அண்ணே என்றாள்.

"அண்ணே, பண்ணினத மாத்தலாம்ல? இன்னொன்னு பொறக்குமில்ல?"

தாதி சற்றுத் தள்ளி நின்றார். அவருக்குத் தமிழ் அவ்வளவு போதாது, ஆனால் கேள்வி விளங்கிவிட்டது. நான் "பாக்கலாம்மா" என்றேன்.

அடுத்த வாரம் பதுளையில் எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவரிடம் போய்க் கேட்டேன். அவர் எனக்கு ஆசை காட்டவில்லை. "ஏலாது தம்பி. இஞ்சையும் ஏலாது, கொழும்பிலயும் செய்யிற ஆக்கள் இல்லை. வீணா நம்பிக்கை குடாமல் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிப் போடும்" என்றார்.

நான் தாதியிடம், நீங்கள் பெண், நீங்கள் சொன்னால் நல்லது என்றேன். அவருக்கு வந்த கோபத்தை அன்றுதான் பார்த்தேன். கேட்டது நீங்கள், சொல்ல வேண்டியதும் நீங்கள், நான் சொன்னால் அது வெளியாள் சொன்ன செய்தி, அவள் நம்பமாட்டாள், உங்களிடமே திரும்ப வந்து கேட்பாள் என்றார். சரி, சொல்கிறேன் என்றேன். அந்தச் "சரி" எந்த வகை என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

சில மாதங்களில் நாட்டில் தமிழர்களுக்கு எதிரான கலவரம் வந்தது. கடைவீதி எரிந்தது. திட்டத்தைச் சுருக்கி வெளிநாட்டவர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது தாதி என்னிடம், நான் அன்றைக்கு லொறிக்கு முன்னால் போய் நின்றிருக்க வேண்டும், என் ஊராக இருந்தால் நின்றிருப்பேன், இங்கே விருந்தாளியாக இருந்துவிட்டேன் என்றார். எனக்கு ஆறுதலாகச் சொல்லவில்லை. அவருக்கும் அது உறுத்திக்கொண்டிருந்தது. பிறகு, அவளிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். அதுதான் நான் அவரிடம் கடைசியாகச் சொன்னது.

நான் சொல்லவில்லை. அவள் கேட்கும்போதெல்லாம் "பாக்கலாம்" என்றேன். ஒரு தடவை, கொழும்பில் ஒரு பெரிய டொக்டரிடம் எழுதிக் கேட்டிருக்கிறேன் என்றேன். யாருக்கும் எழுதவில்லை. அவள் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல என் வாயில் அந்தச் சொல் வரவில்லை. வரிசையில் நின்று "சரிங்க" சொன்னவரின் மகன்தானே நானும். இரக்கத்தால் சொல்லவில்லை என்று அந்த நாட்களில் என்னையே நம்பவைத்துக்கொண்டேன்.

என் பேச்சை வைத்துத்தான் அவள் அந்த வீட்டில் காலம் தள்ளுகிறாள் என்பது மெதுவாகத்தான் எனக்குத் தெரிந்தது. ஆண்பிள்ளை இல்லாத வீடு என்று மாமியார் ஆரம்பித்திருந்தாள். வேறொருத்தியைப் பார்க்கலாம் என்று மகனிடம் நேராகவே பேசினாளாம். அண்ணன் கொழும்பில் கேட்டிருக்கிறார், இந்த வருஷம் கூப்பிடுவார்கள் என்று சொல்லி அவள் புருஷனை நிறுத்தி வைத்திருந்தாள். நான் தோட்டத்துக்குப் போகிற நாட்களில் லயத்துக்குப் பின்னால் அவள் போட்ட போஞ்சியையோ லீக்ஸையோ ஒரு பையில் கட்டி ஜீப்பில் வைத்துவிடுவாள். காம்பராவுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து, நக்கிக்கொண்டு குடிக்க என் கையில் சீனியைக் கொட்டித் தேத்தண்ணி கொடுப்பாள். மாமியார் பார்க்கிற இடத்தில் நின்று, "என்னாண்ணே, கொழும்புலருந்து சேதி ஏதாச்சும்?" என்று கேட்பாள். மாமியார் கேட்க வேண்டும் என்றுதான் சத்தமாகக் கேட்கிறாள் என்று எனக்குப் புரியும். நானும் சத்தமாகவே, "வரும்மா, வரும்" என்பேன்.

உண்மையைச் சொன்னால் அவள் வீடு உடையும். சொல்லாவிட்டால் அவள் இல்லாத ஒன்றை நம்பிக் காத்திருப்பாள். இதில் எது குறைந்த பாவம் என்று ஜீப்பில் போகிற வழியெல்லாம் எடை போடுவேன். எடை போட்டுக்கொண்டிருப்பது வசதியாக இருந்தது, ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இப்படியே வருஷங்கள் போயின.

எண்பதுகளின் பின்பாதியில் புதுத் திட்டம் ஒன்று வந்தது. பழைய லயத்தை விட்டு மேல் மலையில் வீடு கட்டிக்கொள்கிறவர்களுக்குச் சீமெந்தும் தகரமும் கொடுப்பார்கள். நல்ல திட்டம். துரை மாறியிருந்தார், கணக்கப்பிள்ளை அதே ஆள். எங்கே வைத்துக் கேட்பது என்ற பேச்சே எழவில்லை. நான் பழையபடி பெரட்டில் போய் நின்றேன். அத்தனைக்குப் பிறகும் அங்கேயே போய் நின்றேன்.

நல்ல தமிழில் பேசினேன். கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டார். "சரிங்க", "சரிங்க", "சரிங்க". அவள் பெயர் வந்தது.

"வேணாங்க."

கூடையை முதுகில் மாட்டியபடி நின்றாள். அவளைச் சுற்றி நின்றவர்கள் கொஞ்சம் விலகிக்கொண்டார்கள். கணக்கப்பிள்ளைக்கு அது சரியாகக் காதில் ஏறவில்லை.

"என்னா சொன்ன?"

"வேணாம்னேன். அன்னிக்கே சொல்லிருக்கணும். இன்னிக்காவது சொல்றேன்."

"வேணாம்னா போ. ஒனக்கு இன்னிக்கு வேல இல்ல."

அவள் கூடையை இறக்கிக் கையில் எடுத்துக்கொண்டு லயத்துப் பாதையில் நடந்தாள். எனக்குப் பக்கத்தில்தான் போனாள். அப்போதும் நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கணக்கப்பிள்ளை அடுத்த பெயரைக் கூப்பிட்டார், நான் தலையைக் குனிந்து நின்றேன்.

பகலில் அவள் காம்பராவுக்குப் போனேன். மாமியாரைக் காணவில்லை. மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். அவள் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தாள். நான் படியில் உட்கார்ந்தேன். இனிமேல் எடை போட ஒன்றுமில்லை என்று எப்படியோ தெரிந்தது. சொன்னேன். மாற்ற முடியாது, எங்கேயும் முடியாது, நான் கொழும்பில் யாரையும் கேட்கவில்லை.

அவள் கையிலிருந்த கத்தி நிற்கவில்லை.

"எப்பருந்து தெரியும்?"

"பையன அடக்கம் பண்ணின அடுத்த வாரம்."

ஒரு கிழங்கை முழுதாக உரித்து முடித்தாள்.

"அவரு போயி ஒரு மாசமாச்சு, சார். லுணுகலைப் பக்கம் ஒருத்தியோட இருக்காரு. மாமியும் பின்னாலேயே போயிட்டாங்க. அன்னிக்கே நீங்க சொல்லிருந்தா அன்னிக்கே போயிருப்பாரு. நானும் அன்னிக்கே அழுது முடிச்சிருப்பேன். மாசாமாசம் அழ வச்சிட்டீங்க."

மன்னிப்புக் கேட்டேனா என்று நினைத்துப் பார்க்கிறேன். ஏதோ சொன்னேன். அது அவளுக்கு விளங்குகிற தமிழாக இருந்திருக்காது. மேல் மலையில் வீட்டுக்கு அவளுடைய பெயரைச் சேர்க்கட்டுமா என்றுகூடக் கேட்டதாக ஞாபகம். அவள் அடுத்த கிழங்கை எடுத்தாள். காலையிலேயே சொன்ன பதில்தானே.

அவளுடைய வேலையைப் பற்றித் துரையிடம் பேசுகிறேன் என்றும் சொன்னேன். பேசவில்லை. அந்த வாரம் முழுக்க அவளுக்கு வேலை கொடுக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அடுத்த வருஷம் திட்டத்து வேலையை விட்டு நான் ஆசிரியனாகப் போனேன். அவள் எங்கே போனாள் என்று விசாரிக்கவும் எனக்குத் தைரியம் இல்லாமல் இருந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு தோட்டத்தைவிட்டுப் போய்விட்டாள் என்று மட்டும் ஒருவர் சொன்னார்.

அன்றைக்குப் படியில் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, கேத்தலில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. எந்த லயத்திலும் எவ்வளவு இல்லாத வீட்டிலும் எனக்குத் தேத்தண்ணி கிடைக்காமல் போனதில்லை. அவள் எழுந்திருக்கவில்லை. கிழங்கை நறுக்கிச் சட்டியில் போட்டுக்கொண்டே இருந்தாள். அவள் தேத்தண்ணி வைக்காத நாள் அது. தாதியின் முறைப்படி பார்த்தால், அன்றைக்குத்தான் அவளிடம் நான் எதையும் கேட்டிருக்கலாம், உண்மையான பதில் கிடைத்திருக்கும். என்னிடம் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. மத்தியானக் கொழுந்து நிறுப்பதற்கு மணி அடித்தது. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். "போயிட்டு வர்றேன்" என்று சொல்ல வாயெடுத்து, அதையும் சொல்லாமல் இறங்கி வந்தேன்.